முடிவை முதலில் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் தயங்காமல் கருத்துச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நான் அப்போது வேலை பார்த்த, துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ஸியில் ஒரு கான்ஃபரன்ஸ் கால், மறுமுனையில் சிங்கப்பூர் அலுவலகம். ஒரு இறக்குமதி கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. கப்பல் கம்பெனி கொடுத்த இலவச நாட்கள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகின்றன. திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு போனது. துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர்கள் எப்படி வரிசை கட்டி நிற்கின்றன என்று தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்கு வருபவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். இன்று இரவே எடுத்தால்தான் உண்டு என்று எனக்குத் தெரியும். ‘எனி தாட்ஸ்?’ என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கன்டெய்னர் புதன்கிழமைதான் வெளியே வந்தது. மூன்று நாள் டிடென்ஷன், அதாவது தாமதக் கட்டணம், அதுவும் டாலரில்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டை வந்து சேரும் வரை, கூட வந்த தோழியிடம் இதே விஷயத்தைக் கொட்டித் தீர்த்தேன். “இன்னிக்கு ராத்திரியே எடுக்கணும்டி, திங்கக்கிழமைன்னா மாட்டிக்கும்.” காரணம் வந்தது, கணக்கு வந்தது, எந்த நேரத்தில் எவ்வளவு வண்டி நிற்கும் என்பதுகூட வந்தது. அதற்குள் மூன்று வருடமாக ஆங்கிலத்தில் மெயில் எழுதிக்கொண்டிருந்தவள் நான். கருத்து இருந்தது, தகவல் இருந்தது, மொழியும் ஓரளவு இருந்தது. முதல் வாக்கியம் மட்டும் இல்லை.

எங்கள் வடசென்னையில் கருத்துக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் உருவானது; நாட்டின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்றும் காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்திலோ, எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை வாசலிலோ பத்து நிமிடம் நின்று பாருங்கள். விலை, அரசியல், மெட்ரோ, மழைநீர், எதைப் பற்றியும் தயங்காமல் பேசுவார்கள். அதே பிள்ளைகள் கேம்பஸ் இன்டர்வியூவில் குழு விவாதத்தில் உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்துப் பேசப் பழக்குகிறேன். கீழே உள்ளது அங்கே செய்து பார்த்துத் தேறியது.

படி 1: எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்

ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்துகொள்ளுங்கள். இந்த வாரம் யாரிடமாவது நீங்கள் உண்மையாகவே வாதாடிய ஒரு விஷயத்தை எடுங்கள். பாடப்புத்தகத் தலைப்பு வேண்டாம். நாற்பது விநாடி தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதையே ஆங்கிலத்தில்.

ஆங்கிலப் பதிவைக் கேட்கும்போது இலக்கணப் பிழையை எண்ணாதீர்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் முடிவு எத்தனையாவது விநாடியில் வந்தது? மாடிக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசியில்தான் வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. காரணங்களைச் சொல்லிக்கொண்டே போய், மூச்சு வாங்கி, ‘ஸோ… தட்ஸ் ஆல்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

படி 2: வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் தமிழில் சொல்ல நினைத்ததை எழுதிப் பார்க்கிறேன்: “ஜீரோ கேட்டில் பகலில் வரிசை நீளமாக இருக்கிறது, ஞாயிறோடு இலவச நாளும் முடிகிறது, அதனால் இன்று இரவே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.” தமிழில் இது அழகான வாக்கியம். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘நினைக்கிறேன்’ அதற்கும் கடைசியில் வரும். கேட்பவரும் தமிழர் என்பதால் அது வரும்வரை காத்திருப்பார். காரணத்தை அடுக்கிக்கொண்டு போய் முடிவில் நிறுத்துவது நமக்குப் பால் குடித்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஐ திங்க்’ வாசலிலேயே நிற்கிறது. யார் நினைக்கிறார், என்ன செய்ய வேண்டும் என்பது முதலில் வந்துவிடும். ஏன் என்பது பின்னால் வரும். நாம் தமிழ் வரிசையிலேயே ஆங்கிலச் சொற்களை அடுக்கும்போது என்ன நடக்கிறது? ‘இன் ஜீரோ கேட், டே டைம், த க்யூ இஸ் வெரி லாங், அண்ட் சண்டே ஃப்ரீ டேஸ் ஆர் ஃபினிஷிங்…’ கேட்பவருக்கு இவர் புகார் சொல்கிறாரா, தகவல் சொல்கிறாரா, எதற்குச் சொல்கிறார் என்றே பிடிபடுவதில்லை. பாதியில் ‘ஓகே, ஸோ?’ என்று குறுக்கே வருகிறார். அந்த ‘ஸோ’வில் நாம் உடைந்துபோகிறோம். என் ஆங்கிலம் மோசம் என்று நினைத்துக்கொள்கிறோம். வரிசைதான் தவறு.

திருப்பிப் போட்டால் இப்படி வரும்:

‘ஐ திங்க் வீ ஷுட் மூவ் இட் டுநைட். த ஃப்ரீ டேஸ் எண்ட் ஆன் சண்டே, அண்ட் த க்யூ இஸ் வெரி லாங் இன் த டே.’

முதல் வாக்கியத்தில் ஏழே சொற்கள். அதற்குப் பிறகு நீங்கள் தடுமாறினாலும் பரவாயில்லை, சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது. மாடியில் நான் வைத்திருக்கும் சட்டம் இதுதான்: முதல் வாக்கியம் எட்டுச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது, அதில் ‘பிகாஸ்’ வரக் கூடாது. முதலில் முற்றுப்புள்ளி. ஒரு மூச்சு. அப்புறம் காரணம்.

வீட்டில் பழக ஒரு வழி இருக்கிறது. நீங்கள் தமிழில் சொல்லும் கருத்தில் கடைசி மூன்று நான்கு சொல்லை மட்டும் பிடியுங்கள். “மழைக்காலத்துல சப்வேயில தண்ணி நிக்குது, ஆஃபீஸ் போறவங்க சுத்திக்கிட்டுப் போறாங்க, முதல்ல பம்பு போடணும்.” கடைசியில் இருப்பது ‘முதல்ல பம்பு போடணும்.’ அதுதான் உங்கள் ஆங்கிலத்தின் முதல் வாக்கியம்: ‘தே ஷுட் இன்ஸ்டால் பம்ப்ஸ் ஃபர்ஸ்ட்.’ ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், இரண்டு வாரம். பேருந்தில் உட்கார்ந்துகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

படி 3: எவ்வளவு உறுதி என்பதையும் சொல்லுங்கள்

தமிழில் ‘போகலாம்’, ‘போகணும்’, ‘போயே ஆகணும்’ மூன்றும் ஒன்றாகுமா? அதே ஏற்ற இறக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. ‘லாம்’ என்றால் ‘வீ குட்’. ‘ணும்’ என்றால் ‘வீ ஷுட்’. ‘ஆகணும்’ என்றால் ‘வீ ஹேவ் டு’. அதேபோல ‘தோணுது’ என்பதற்கு ‘இட் சீம்ஸ் டு மீ’, ‘நினைக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ திங்க்’, ‘நிச்சயமா’ என்பதற்கு ‘ஐ ஆம் ஷ்யூர்’. இந்த ஆறையும் சரளமாக்கினால் போதும். முப்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். “நீங்க இதைப் பண்ணணும் சார்” என்று தமிழில் சொன்னால் அதில் மரியாதை குறைவதில்லை. ‘நீங்க’வில் இருக்கும் ‘ங்க’ அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘ங்க’ கிடையாது. அதனால் ‘யூ மஸ்ட் டூ திஸ், சார்’ என்று சொன்னால், பின்னால் சார் போட்டாலும் அதட்டுவது போலக் கேட்கும். அங்கே மரியாதை வினைச்சொல்லுக்கு முன்னால் வருகிற சிறு சொல்லில் இருக்கிறது. ‘யூ குட் ட்ரை…’, ‘ஐ வுட் சஜஸ்ட்…’, ‘மேபீ வீ ஷுட்…’ என்று சொல்லிப் பாருங்கள். குறிப்பாக ‘யூ’வுக்குப் பதில் ‘வீ’ போட்டால் பாதிக் காரம் இறங்கிவிடும். நானும் இருக்கிறேன், சேர்ந்து செய்வோம் என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

அடுத்து, மறுப்பு. ‘ஐ திங்க் இட் இஸ் நாட் கரெக்ட்’ என்பது பிழையில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுபவர்கள் பெரும்பாலும் இல்லை என்பதை முன்னாடியே தள்ளிவிடுவார்கள்: ‘ஐ டோன்ட் திங்க் இட்ஸ் கரெக்ட்.’ இது நமக்கு அந்நியமே இல்லை. “அது சரியில்லன்னு தோணுது” என்பதைவிட “அது சரின்னு எனக்குத் தோணல” என்பது கொஞ்சம் மென்மையாக இல்லையா? அதேதான். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த பணிவு.

படி 4: நான்கு பிழைகளை மட்டும் சரிசெய்யுங்கள்

இலக்கணம் முழுக்கச் சரியான பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். கருத்துச் சொல்லும்போது அடிக்கடி வந்து விழும் நான்கை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

‘ஐ ஆம் அக்ரீ’ வேண்டாம், ‘ஐ அக்ரீ’. மறுப்பதென்றால் ‘ஐ டோன்ட் அக்ரீ’. ‘அக்ரீ’ தானே வினைச்சொல், அதற்கு ‘ஆம்’ துணை தேவையில்லை.

‘அக்கார்டிங் டு மீ’ வேண்டாம். ‘அக்கார்டிங் டு’ என்பது இன்னொருவர் சொன்னதை, ஒரு அறிக்கை சொன்னதை எடுத்துச் சொல்ல. சொந்தக் கருத்துக்கு ‘ஐ திங்க்’ அல்லது ‘இன் மை ஒபினியன்’. இரண்டில் ஒன்று போதும், சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

‘ஆல்தோ’ போட்டால் அதே வாக்கியத்தில் ‘பட்’ வேண்டாம். ‘டிஸ்கஸ்’ சொன்னால் ‘அபவுட்’ வேண்டாம்.

மற்றதெல்லாம் பேசப் பேசச் சரியாகும்.

படி 5: குரல்

உச்சரிப்பை வெள்ளைக்காரரைப் போல மாற்றிக்கொள்ளச் சொல்லும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊர் நாக்கில் ஆங்கிலம் பேசுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சொன்னது புரிய வேண்டும். அதற்கு மூன்று விஷயம்.

முதலாவது, சொல்லின் கடைசி. தமிழ் நாக்கு க், ட் போன்ற வல்லின மெய்யில் முடிக்க விரும்பாது, ஒரு ‘உ’வைச் சேர்த்துவிடும். பாயின்ட்டு, திங்க்கு, லேட்டு, ரைட்டு. கருத்துச் சொல்லும்போது வாக்கியக் கடைசியில் இந்த ‘உ’ தொங்கினால் இன்னும் ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்பது போல ஒலிக்கும். ‘தட்ஸ் மை பாயின்ட்.’ அங்கேயே வாயை மூடுங்கள். கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்தால் புரிந்துவிடும்.

இரண்டாவது, அழுத்தம். நாம் பெரும்பாலும் முதல் எழுத்திலேயே அழுத்துகிறோம். ‘ஒபினியன்’ என்பதில் அழுத்தம் ‘பி’யில். ‘அக்ரீ’யில் ‘ரீ’யில். ‘இம்பார்ட்டன்ட்’டில் ‘பார்’ மேல். ‘டெவலப்மென்ட்’டில் ‘வெ’ மேல். ‘நெசஸரி’யில் மட்டும் நம் பழக்கப்படியே முதலில்.

மூன்றாவது, ‘ஐ திங்க்’ சொல்லும் விதம். ‘திங்க்’ மேல் கனம் வைத்து இழுத்தால் ‘எனக்கென்னவோ அப்படித்தான்னு… தெரியல’ என்ற பொருள் வந்துவிடும். ‘ஐ திங்க்’கை லேசாக, வேகமாகத் தாண்டிவிட்டு, உங்கள் முடிவுச் சொல்லில் கனம் வையுங்கள். ‘ஐ திங்க் வீ ஷுட் மூவ் இட் டுநைட்’ என்பதில் கனம் ‘நைட்’டில். அப்போதுதான் அது கருத்து.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துத் தமிழே வேகத் தமிழ். பயம் வந்தால் ஆங்கிலம் அதைவிட வேகமாக ஓடும். முதல் வாக்கியத்துக்குப் பிறகு ஒரு மூச்சு விடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

படி 6: காரணத்தை உங்கள் வீட்டிலிருந்து எடுங்கள்

நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி மாடிக்கு வருவான். அப்பா மீனவர், எண்ணூர் முகத்துவாரத்தில் தொழில். அவனுக்குக் கல்லூரியில் குழு விவாதம் வரப்போகிறது. தொழிற்சாலைகளும் சுற்றுச்சூழலும் என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னேன். அவன் எழுந்து நின்று, ‘பொல்யூஷன் இஸ் எ பர்னிங் இஷ்யூ இன் டுடேஸ் வேர்ல்ட்’ என்று ஆரம்பித்தான். குரல் அவனுடையதாகவே இல்லை. எங்கோ படித்ததை ஒப்பித்தான். மூன்றாவது வாக்கியத்தில் மறந்துபோய் நின்றுவிட்டான்.

“சரி உக்காரு. 2023 டிசம்பர்ல புயலப்போ எண்ணெய் வந்துதே, அப்ப உங்க வீட்ல என்னாச்சு?”

“வலை வீணாப்போச்சுக்கா.”

“எப்படி?”

“தாரு மாதிரி ஒட்டிக்கிச்சு. அலசி அலசிப் பாத்தோம், போகல. ரெண்டு வலையத் தூக்கிப் போட்டுட்டாரு அப்பா. படகுக்கு அடியிலகூட அப்படியே கறுப்பா நின்னுச்சு.”

“அப்ப ஃபேக்டரியெல்லாம் மூடணும்ங்கிறியா?”

“அய்ய, மூடுனா எப்படிக்கா? எங்க மாமா அங்கதான வேலை செய்றாரு. மூட வேணாம். ஆனா வலைக்குக் காசு குடுக்கணும்ல?”

“இதையே இங்கிலீஷ்ல சொல்லு.”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: ‘ஐ டோன்ட் திங்க் வீ ஷுட் க்ளோஸ் த ஃபேக்டரீஸ். மை அங்கிள் வொர்க்ஸ் தேர். பட் தே ஷுட் பே ஃபார் அவர் நெட்ஸ். ஆஃப்டர் த ஆயில் ஸ்பில், மை ஃபாதர் த்ரூ அவே டூ நெட்ஸ்.’

மாடியில் யாரும் பேசவில்லை. நான்கு வாக்கியம், எல்லாமே பள்ளிக்கூடத்துச் சொற்கள். ‘பர்னிங் இஷ்யூ’ என்று பத்துப் பேர் சொல்வார்கள், இரண்டு வலையை இவன் மட்டும்தான் சொல்ல முடியும். அந்த அறையில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு காரணம் உங்களிடம் இருந்தால் மொழி தானாக நிமிர்ந்து நிற்கிறது. கவனித்துப் பார்த்தால் அவன் நடுநிலையையும் பிடித்துவிட்டான்: மாமாவின் வேலையையும் விடவில்லை, அப்பாவின் வலையையும் விடவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டில் உங்களுக்கு ஏற்கனவே அழுத்தமான கருத்து இருக்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் சரியா? 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு உங்கள் போக்குவரத்து மாறியதா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய ராயபுரம் நிலையத்தை என்ன செய்யலாம்? குடியிருப்புச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: முடிவு ஒரு வரி, காரணம் ஒரு வரி, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று ஒரு வரி. நேர்காணலில் எந்தத் தலைப்பு வந்தாலும் இந்த ஐந்தில் ஒன்று எங்காவது போய் ஒட்டும். சாலைப் பாதுகாப்பு என்றால் லாரி, வாழ்வாதாரம் என்றால் தடைக்காலம், பாரம்பரியம் என்றால் ராயபுரம்.

படி 7: மறுத்துப் பேசுவது

பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஆங்கிலத்தில் மறுக்க வேண்டி வந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, வாயே திறப்பதில்லை. இல்லையென்றால், திடீரென்று ‘நோ சார், தட் இஸ் ராங்’ என்று வெடித்துவிடுகிறோம்.

தமிழில் எப்படி மறுக்கிறோம் என்று யோசியுங்கள். “நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா…” என்று ஆரம்பிக்கிறோம். அந்த வடிவத்தை அப்படியே எடுத்துப் போகலாம். ‘ஐ சீ யுவர் பாயின்ட், பட்…’ இதில் ஒரு எச்சரிக்கை. வெறும் சடங்காக இதைச் சொன்னால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்னதில் எது சரி என்று ஒரு சொல்லாவது சேருங்கள். ‘யூ ஆர் ரைட் அபவுட் த காஸ்ட். பட் ஐ ஆம் வொரீட் அபவுட் த க்யூ.’ செலவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, என் கவலை வரிசையைப் பற்றி. இருவரும் ஒரே பக்கம் நின்று வேறு வேறு ஆபத்தைப் பார்ப்பது போல அது அமைந்துவிடுகிறது. ‘ஐ ஆம் வொரீட் அபவுட்’ என்பதை நான் மிகவும் நம்புகிறேன். ‘நீ தப்பு’ என்று சொல்லாமல் மறுக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு கேள்வியில் நிறுத்துங்கள்: ‘வாட் டு யூ திங்க்?’ இது பணிவு மட்டுமில்லை. பந்து அவர் பக்கம் போகிறது, உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது.

படி 8: நுழைவது, இடத்தை விடாமல் இருப்பது, விழுந்தால் எழுவது

குழு விவாதத்தில் எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இடைவெளி வரும் என்று காத்திருந்தால் வராது. ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் நேரத்தில் லேசாக முன்னால் சாய்ந்து, ‘கேன் ஐ ஆட் சம்திங்?’ என்று உள்ளே வாருங்கள். பேசும்போது குறுக்கிட்டால், குரலை உயர்த்தாமல், ‘ஜஸ்ட் எ செகண்ட், லெட் மீ ஃபினிஷ்.’ இதைச் சிரித்த முகத்தோடு சொல்லப் பழகுங்கள். கோபமாகச் சொன்னால் கெட்டுவிடும்.

சொல் மறந்துபோனால்? எல்லோருக்கும் மறக்கும். பதறி ‘சாரி சாரி’ என்று சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். சொல்லைச் சுற்றிப் போங்கள். ‘வாட் ஐ மீன் இஸ்…’ என்று ஆரம்பித்து, அந்தப் பொருள் என்ன செய்யும் என்று சொல்லுங்கள். ஒரு தங்கைக்குப் பலகை உடைந்த படகைப் பற்றிப் பேசும்போது ‘ரிப்பேர்’ என்ற எளிய சொல்கூட வரவில்லை. ‘வீ மேட் இட் குட் அகெய்ன்’ என்றாள். எல்லோருக்கும் புரிந்தது.

மற்றவர் சொன்னது புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், பிறகு அதற்குக் கருத்துக் கேட்பார்கள். ‘சாரி, டு யூ மீன் த டெலிவரி டேட்?’ என்று நீங்கள் புரிந்துகொண்டதையே கேள்வியாக்குங்கள்.

படி 9: ‘பீட்டர்’ என்று சிரிப்பவர்கள்

நம் ஊரில் ஆங்கிலம் பேச ஆரம்பித்த உடனே ‘பீட்டர் விடுறான் பாரு’ என்று ஒரு குரல் வரும். இலக்கணத்தைவிட இந்தக் குரல்தான் நிறையப் பேரை நிறுத்தியிருக்கிறது. மறுபக்கம், முகவரியைப் பார்த்துவிட்டு ‘ஓ, அந்த ஏரியாவா’ என்று இன்டர்வியூவில் குரலை மாற்றுபவர்களும் உண்டு; அதை நானே எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இரண்டும் வலிக்கும். வலிக்கவில்லை என்று நடிக்கச் சொல்லமாட்டேன்.

பழகும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வேன். சிரிக்காத இரண்டு பேர் போதும். வாட்ஸ்அப்பில் மூன்று பேர் குழு வையுங்கள். தினமும் ஒருவர் நாற்பது விநாடி வாய்ஸ் நோட்டில் ஒரு கருத்துச் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் அதற்குப் பதில் கருத்துச் சொல்ல வேண்டும். பிழை திருத்தம் கூடாது, பதில் மட்டும். ஒரு மாதம் கழித்து முதல் நாள் நோட்டையும் கடைசி நாள் நோட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம், கருத்துக் கேட்கும் மூன்றாம் பகுதி 4 முதல் 5 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. உங்கள் கருத்து சரியா தவறா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அதனால் தேர்வாளருக்குப் பிடித்த பதில் எது என்று தேடாதீர்கள், சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும் பக்கத்தை எடுங்கள்.

படி 10: ஏற்காவிட்டால்

நன்றாகப் பேசியும் உங்கள் கருத்தை எடுக்காமல் போகலாம். அந்த நேரத்தில் முகம் சுருங்கினால், அடுத்த முறை பேசத் தயக்கம் வரும். ‘ஃபேர் இனஃப். லெட்ஸ் கோ வித் யுவர் பிளான்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆனால் அன்றைக்கே மூன்று வரி மெயில் எழுதிவிடுங்கள். அதிலும் அதே வரிசை: முடிவு, காரணம், பார்த்தது. அந்த டிடென்ஷன் கட்டிய அடுத்த மாதம் இன்னொரு கன்டெய்னர் அதே மாதிரி வெள்ளிக்கிழமை நின்றது. ‘எனி தாட்ஸ்?’ என்றார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏழு சொல் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்துப் படித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “திங்கள்கிழமையே பார்க்கலாம்” என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. ‘ஃபேர் இனஃப்’ என்றேன். கால் முடிந்ததும் மூன்று வரி மெயில் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு சிங்கப்பூரிலிருந்து ஃபோன் வந்தது, டிரெய்லர் இன்று இரவே கிடைக்குமா என்று.